ஸ்பேஸ் பட்டன் மேல் இருநூறு கிராம்

போன வாரம் பிரவீன் போன் செய்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்தில் உட்கார்ந்திருப்பவன். கெட்டிக்காரன், மரியாதை தெரிந்தவன், கொஞ்சம் அவசரக்காரன்.

"சார், உங்க காலத்து எரர் ஒண்ணு திரும்ப வருது சார். சிதம்பரம் சென்டர்லேருந்து. அதே சாட் சமாச்சாரந்தான். இத நீங்க எப்புடி சார் சால்வ் பண்ணீங்க?"

சால்வ் பண்ணவில்லை என்றேன். அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவன் விடவில்லை. "இல்ல சார், நீங்கதான் முடிச்சதா இங்க எல்லாரும் சொல்றாங்க" என்றான். எல்லாரும் சொல்வதைக் கேட்டதும் எனக்கு வந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை.

எனக்குச் சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டி.வி. ரிப்பேர் கடையில் பல வருஷம் சால்டரிங் புகை குடித்தேன். ஜனங்கள் டி.வி.யை ரிப்பேர் செய்வதை விட்டுவிட்டுப் புதிதாக வாங்கத் தொடங்கிய காலத்தில், கடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு யு.பி.எஸ். பழுது பார்க்கப் போனேன். போனவன் அங்கேயே தங்கிவிட்டேன். கம்ப்யூட்டரைத் திறந்து மூடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் 'சிஸ்டம் சார்' ஆகிவிட்டேன். படித்துக்கொண்டதெல்லாம் வேலையிலேயே படித்ததுதான். அதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் நிலையம் எப்படி நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கடலூரில் தலைமை லேப். சிதம்பரம், பண்ருட்டி, வடலூரில் ரத்தம் எடுக்கும் சென்டர்கள். காலையில் அங்கே எடுக்கும் ரத்தம் வேனில் கடலூர் வரும். பரிசோதனை முடிந்ததும் ரிசல்ட் கம்ப்யூட்டர் வழியாக அந்தந்த சென்டருக்குத் திரும்பிப் போகும். பில் போடும் மென்பொருளோடு ஒரு சாட் வசதியை ஒட்டவைத்திருந்தோம். ஆட்-ஆன் என்பார்கள். லேபிலிருந்து சென்டருக்குச் சின்னச் சின்னச் செய்திகள் அதில்தான் பறக்கும். உயிருக்கு ஆபத்தான ரிசல்ட் ஏதாவது வந்தால் 'அவசரம்' என்று சிவப்பு ஜன்னல் ஒன்று சென்டரின் திரையில் குதித்து நிற்கும். அதில் ஒரே ஒரு பட்டன், 'படித்தேன்'. அதை அமுக்கினால் கடலூருக்கு 'படிக்கப்பட்டது' என்று தகவல் வந்துவிடும். அதன் பிறகு நோயாளியைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியது சென்டரின் பொறுப்பு. தகவல் வரவில்லை என்றால் லேபிலிருந்தே போன் போட வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான், நல்ல ஏற்பாடுதான்.

என் வேலையில் நான் அதிகம் சொன்ன வார்த்தை, "ஓ.கே. அமுக்காதீங்க." எரர் வந்தால் நம் ஆட்கள் முதலில் செய்வது ஓ.கே.யை அமுக்குவது. என்ன எழுதியிருந்தது என்று கேட்டால், "என்னமோ இங்கிலீஷ்ல வந்திச்சி சார்" என்பார்கள். கதவைத் தட்டியவனைத் துரத்திவிட்டு, வந்தது யார் என்று என்னிடம் கேட்பார்கள். அதனால் நான் ஒரு முறை வைத்திருந்தேன். ஜன்னலை அப்படியே விட்டுவிடச் சொல்வேன். எழுத்துக் கூட்டியாவது முழுவதையும் வாசிக்கச் சொல்வேன். பிறகு, அது வருவதற்கு முன்னால் அவர்கள் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்பேன். இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். அதற்கு மட்டும் யாரும் உடனே உண்மை சொல்ல மாட்டார்கள்.

வடலூரில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையும் 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று வந்துகொண்டிருந்தது. டெலிபோன்காரர்களோடு சண்டை போட்டு அலுத்துப்போய் ஒரு வெள்ளிக்கிழமை நேரிலேயே போனேன். அங்கிருந்த பெண் பக்திப் பாட்டுப் போட ஸ்பீக்கருக்கு இடம் வேண்டும் என்று மோடத்தின் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நானே கைக்காசில் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி வாங்கிக் கொடுத்தேன், எரர் போய்விட்டது. எரர் மெசேஜ் எந்த இடத்தில் வலிக்கிறது என்று சொல்லும், ஏன் வலிக்கிறது என்று சொல்லாது. அதற்கு நேரில்தான் போக வேண்டும் என்பது அன்று எனக்கு உறைத்தது.

இப்போது எங்கள் மேலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோதண்டபாணி என்று பெயர். நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்புக் குடும்பம். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாரைக் கூப்பிட்டாலும் முதல் கேள்வி, "சாப்டீங்களா?" என்பதுதான். சாப்பிட்டேன் என்றால் "நல்லது" என்று சொல்லி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த மாதச் சம்பளத்தில் எவ்வளவு வெட்டியிருக்கிறார் என்பதைச் சொல்லுவார். கேட்டவருக்குச் சாப்பிட்டது மேலே வரும். அதட்டுகிற மனிதனிடம் பதிலுக்கு அதட்டலாம், இவரிடம் அதற்கும் வழியில்லை.

அந்த சாட் ஆட்-ஆனில் ஒவ்வொரு ஆளின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு புள்ளி இருக்கும். ஆள் கம்ப்யூட்டரைத் தொட்டுக்கொண்டிருந்தால் பச்சை. கொஞ்ச நேரம் கை படவில்லை என்றால் மஞ்சள். யாருக்குச் செய்தி அனுப்பினால் உடனே பதில் வரும் என்று பார்ப்பதற்காக வைத்த வசதி அது. மேலாளர் அதைப் பார்த்த அன்றே தன் மேசையில் இரண்டாவதாக ஒரு மானிட்டர் போடச் சொன்னார். நான்தான் போட்டுக் கொடுத்தேன். அதில் வேறு எதுவும் ஓடாது. எல்லாச் சென்டர்களின் புள்ளிகள் மட்டும்.

"ஏழுமலை, இதான் நம்ம வயலு" என்றார் என்னிடம். "பச்சையா இருந்தா பயிரு நல்லா இருக்குதுன்னு அர்த்தம். எங்க வாடுதுன்னு இங்கேருந்தே பாத்துக்கலாம்."

மஞ்சள் விழுவது சேரச் சேர அரைநாள் சம்பளம் போகும் என்று சுற்றறிக்கை வந்தது. பயிர் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தப் பயிருக்குத் தண்ணீர் குடிக்கவும் குடித்த தண்ணீரை விடவும் எழுந்திருக்க வேண்டியிருக்கும் என்பது ஏனோ அவருக்குத் தெரியவில்லை.

அதற்குச் சில மாதம் கழித்துத்தான் சிதம்பரத்திலிருந்து அந்த எரர் வரத் தொடங்கியது. ஆங்கிலத்தில் வரும். தமிழில் சொன்னால், 'உள்ளீடு அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டது.' அதாவது, சாட் பெட்டிக்குள் கொள்ளாத அளவுக்கு யாரோ எழுதிக்கொண்டே போகிறார்கள். ஒன்று இரண்டு வந்தால் பரவாயில்லை. சரம்சரமாக வரும், பிறகு நின்றுவிடும். மதியத்துக்கு மேல் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. எல்லாம் என் திரையில் பதிவாகும்.

எனக்கு விசித்திரமாக இருந்தது ஒன்றுதான். எரர் வருகிறது, புகார் வரவில்லை. சின்னத் தடங்கல் என்றாலே ஊரைக் கூட்டுகிறவர்கள் நம் ஆட்கள். இவ்வளவு எரரையும் திரையில் பார்த்துக்கொண்டு ஒருத்தி எப்படிச் சும்மா இருப்பாள்?

சிதம்பரம் சென்டரில் இருந்தது ஸ்டெல்லா. வரவேற்பு, பில், ரிப்போர்ட் எல்லாம் அந்த அம்மாதான். ரத்தம் எடுக்கும் பையன் காலை வேலை முடிந்ததும் வேனோடு கிளம்பிவிடுவான். அதன் பிறகு இரவு மூடும் வரை ஸ்டெல்லா தனி ஆள். போன் போட்டுக் கேட்டேன்.

"எரர் எதனா வருதாம்மா?"

"இல்லியே சார். நல்லாத்தான் இருக்குது."

"மத்தியானத்துல?"

"ஒண்ணும் வரல சார்." அவசரமாகச் சொன்னாள்.

புதுக் கேபிள் அனுப்பி மாட்டச் சொன்னேன். கடலூரில் இருந்தபடியே மென்பொருளை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். கீபோர்டில் ஏதோ பட்டன் ஒட்டிக்கொண்டு எழும்பாமல் கிடக்கிறது என்று நினைத்துப் புதுக் கீபோர்டு ஒன்றை வேனில் அனுப்பினேன். உண்மைக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருக்கிறேன், அது அப்போது தெரியவில்லை. புதுக் கீபோர்டிலும் அதே எரர் வந்தது. நேரில் போக அனுமதி கேட்டேன். புகாரே இல்லாத இடத்துக்குப் பஸ் செலவு எதற்கு என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

பிறகு ஒரு மனிதருடைய ரிசல்ட் வந்தது. முட்லூர் பக்கத்து விவசாயி. உடம்பு ஓய்ச்சலாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்து, காலையில் சிதம்பரத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். மதியம் கடலூர் லேபில் பார்த்தால் பொட்டாசியம் எகிறிக் கிடந்தது. எந்த நேரமும் இதயம் நின்றுபோகக்கூடிய அளவு. லேப் டெக்னீஷியன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சோதித்துவிட்டு 'அவசரம்' அனுப்பினாள். அனுப்பிய கையோடு 'படிக்கப்பட்டது' என்று தகவல் வந்துவிட்டது. ஏற்பாட்டின்படி அவள் போன் செய்ய வேண்டியதில்லை. அடுத்த சாம்பிளுக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் அந்த மனிதர் வீட்டு வாசலில் சுருண்டு விழுந்தார். ஆம்புலன்ஸ், ஐ.சி.யூ., டயாலிசிஸ். பிழைத்தார், ஆனால் பழைய ஆளாக எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலையில் சொந்தக்காரர்கள் திரண்டு வந்து சென்டரில் ஸ்டெல்லாவைச் சூழ்ந்துகொண்டார்கள். மத்தியானமே தெரிந்த விஷயத்தை ஏன் சொல்லவில்லை என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி. ஸ்டெல்லாவிடம் இருந்த பதில், "எனக்கு எந்த மெசேஜும் வரலீங்க" என்பதுதான். கம்ப்யூட்டரோ, அவள் படித்துவிட்டதாகச் சொன்னது.

மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"சாப்டீங்களா ஏழுமலை?"

"இல்ல சார்."

"அந்தம்மா பொய் சொல்லுதா, உங்க மிஷினு பொய் சொல்லுதா? ரெண்டுல ஒண்ணு. போயிப் பாத்துட்டு வந்து எழுதிக் குடுங்க." இந்தத் தடவை பஸ் செலவைப் பற்றி அவர் பேசவில்லை.

ஸ்டெல்லாவிடம் நான் வருவதைச் சொல்லாமல் போனேன். சிதம்பரம் கீழ வீதியிலிருந்து பிரிகிற ஒரு தெருவில், ஒரு துணிக்கடைக்கு மேல் முதல் மாடியில் சென்டர். நான் படியேறும்போது மதியம் தாண்டியிருந்தது. வரவேற்பில் யாரும் இல்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே போய்க் கம்ப்யூட்டர் முன்னால் நின்றேன்.

கீபோர்டில் ஸ்பேஸ் பட்டன் மேல் ஒரு இரும்பு எடைக்கல் உட்கார்ந்திருந்தது. காய்கறிக் கடையில் தராசுத் தட்டில் போடுவார்களே, அந்தக் கல். இருநூறு கிராம்.

தொடவில்லை. அப்படியே நின்று பார்த்தேன். சாட் பெட்டிக்குள் வெற்றிடம் ஓடிக்கொண்டே இருந்தது. பெட்டி நிரம்பியதும் 'அளவைத் தாண்டிவிட்டது' என்று எரர் ஜன்னல் வந்தது. வந்த வேகத்தில் மறைந்தது. ஸ்பேஸ் பட்டன் அமுங்கியே இருப்பதால் ஜன்னலில் இருக்கும் ஓ.கே.யும் தானாக அமுங்கிவிடுகிறது. பெட்டி காலியாகி மறுபடி நிரம்புகிறது, மறுபடி எரர், மறுபடி ஓ.கே. யாரும் இல்லாத அறையில் அந்தக் கல் கடமை தவறாமல் ஓ.கே. அமுக்கிக்கொண்டிருந்தது. வாழ்நாள் முழுக்க ஜனங்களிடம் எதைச் செய்யாதீர்கள் என்று கெஞ்சினேனோ அதைச் செய்துகொண்டிருந்தது.

என் போனிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு சோதனை 'அவசரம்' அனுப்பினேன். சிவப்பு ஜன்னல் கண் சிமிட்டுவதுபோல் தோன்றி மறைந்தது. என் போனில் 'படிக்கப்பட்டது' என்று வந்தது. மிஷினும் பொய் சொல்லவில்லை, அந்தம்மாவும் பொய் சொல்லவில்லை. முட்லூர்க்காரரின் பொட்டாசியத்தைக் கல் படித்திருக்கிறது.

படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. ஸ்டெல்லா வந்தாள். நாற்பதைத் தாண்டியவள், கொஞ்சம் பருமன். முகத்தில் வழியும் வேர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பிறகு கண் கீபோர்டுக்குப் போனது.

"எங்கம்மா போயிருந்தீங்க?"

"நாத்தனார் வீட்டுக்கு சார்."

"டூட்டி நேரத்துலயா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அறையின் மூலையைக் கை காட்டினாள். அங்கே ஒரு கதவு, பூட்டியிருந்தது. மேலே 'ஸ்டோர்' என்று ஒரு பலகை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சென்டர் திறந்தபோது அது கழிப்பறை.

"ஊசி, டியூபு, பாட்டிலு எல்லாம் வெக்க எடம் பத்தலன்னு மேனேஜர் சார் பூட்டச் சொல்லிட்டாரு சார். பசங்க எங்கியாச்சும் போயிப்பாங்க. நான் எங்க போவேன்? கீழ துணிக்கடையில ரெண்டு நாளு விட்டாங்க, அப்பறம் மூஞ்சிய சுளிச்சாங்க. ரெண்டு தெரு தள்ளி நாத்தனார் வீடு. போயிட்டு வர்றதுக்குள்ள மஞ்சள் உழுந்துடுது. எனக்கு சுகர் வேற இருக்குது சார், அடிக்கடி போகணும். தண்ணி குடிக்காம இருந்து பாத்தேன், நீர்க்கடுப்பு வந்து படுத்துட்டேன். அதுக்கும் லீவு இல்லன்னுட்டாங்க."

"கல்லு ஏது?"

"எங்கூட்டுக்காரரு கடைக் கல்லு சார். கம்ப்யூட்டர் தராசு வந்ததும் சும்மா கெடந்திச்சி. பண்ருட்டில சுசீலா ஸ்டேப்ளர் வெக்கிறா. அது நழுவுதாம்." ஒரு நொடி அதில் அவளுக்கு லேசான பெருமைகூட இருந்தது. அடுத்த நொடி எனக்குப் பின்னால் திரையில் ஜன்னல் வந்து மறைவதைப் பார்த்தாள். முழுசாக விளங்கிவிட்டது அவளுக்கு. "இதுவா சார்? இதுதான் அந்த மெசேஜ மூடிச்சா?"

ஆமாம் என்றேன். நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். சத்தம் போட்டு இல்லை. முட்லூர்க்காரரின் பெயரைச் சொல்லி, "அவரு எங்கிட்டதான் சார் பில்லு போட்டாரு. சில்லற இல்லன்னு சிரிச்சாரு" என்றாள். எனக்கு அந்த அறையில் நிற்கவே முடியவில்லை. கோபம் கோபமாக வந்தது. பூட்டைப் பிடித்து ஒரு தடவை ஆட்டினேன். அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

கிளம்பும்போது அவள் கேட்டாள். "நெட்வொர்க் பிராப்ளம்னு எழுதிடுங்க சார். எங்கூட்டுல பெரிய பொண்ணு இப்பதான் நர்சிங் சேந்துருக்கா. இந்த வேல போச்சின்னா அவ்ளதான்."

என்னால் அப்படி எழுத முடியாது என்று சொன்னேன். பண்ருட்டியில் ஸ்டேப்ளர் இருக்கிறது. நாளைக்கு அங்கே ஒருவருடைய அவசரத்தை ஸ்டேப்ளர் படிக்கும். நெட்வொர்க் என்று எழுதினால் யாரும் அதைத் தேட மாட்டார்கள். "நடந்தது அத்தனையும் எழுதுறேம்மா. பூட்டு, புள்ளி, சம்பள வெட்டு, ஒண்ணு விடாம. அப்பறம் உங்க மேல எப்புடிப் பழி வரும்?" என்றேன்.

"நீங்க அத்தன எழுதினாலும் அவுங்க படிக்கறது ஒரு வரிதான் சார்" என்றாள் ஸ்டெல்லா.

அன்றே எழுதினேன். மூன்று பக்கம். ஸ்பேஸ் பட்டன் எப்படி ஜன்னலை மூடுகிறது என்பதிலிருந்து, கழிப்பறையை எதற்காகப் பூட்டினார்கள் என்பது வரை. இதை மீண்டும் நடக்காமல் தடுக்க முதலில் அந்தப் பூட்டைத் திறக்க வேண்டும், புள்ளியைப் பார்த்துச் சம்பளம் வெட்டுவதை நிறுத்த வேண்டும் என்று அடிக்கோடிட்டேன். மென்பொருள் பக்கமும் ஒரு வேலை செய்தேன். 'படித்தேன்' என்று பட்டன் அமுக்கினால் போதாது, நோயாளியின் பில் எண்ணை டைப் செய்தால்தான் ஜன்னல் மூடும் என்று மாற்றினேன். கல்லால் எண் டைப் செய்ய முடியாது.

மேலாளர் நிதானமாகப் படித்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"பில் நம்பர் ஐடியா பிரமாதம் ஏழுமலை. ஒடனே எல்லா சென்டர்லயும் போட்டுடுங்க." பிறகு கேட்டார், "அது சரி, கல்ல வெச்சது யாரு?"

"நீங்க சார்."

அறையில் இருந்த கணக்குப்பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டார். மேலாளர் முகம் மாறவே இல்லை.

"கோவமா இருக்கீங்க. சாப்டலியா?"

"கக்கூஸ பூட்டிட்டு, எழுந்து போனா சம்பளத்த வெட்டினா, யாரா இருந்தாலும் கல்லுதான் சார் வெப்பாங்க. நீங்களே அந்த சீட்ல இருந்தாலும் வெப்பீங்க."

"எனக்கு யாரும் கீபோர்டு மேல கல்லு வெக்கச் சொல்லித் தரல" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

உரிமையாளர் டாக்டர் மேல்மாடியில் இருந்தார். மூன்று பக்கத்தையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் மேசையில் ஏற்கெனவே மேலாளர் அனுப்பிய குறிப்பு இருந்தது. அதில் ஒரு வரிதான் இருந்தது. 'சிதம்பரம் ஊழியர் பணி நேரத்தில் கீபோர்டின் மேல் எடைக்கல் வைத்து வெளியே சென்றதால் செய்தி தவறியது. சிஸ்டம் பொறுப்பாளர் ஏழுமலை நேரில் உறுதி செய்துள்ளார்.' பொய் ஒன்றும் இல்லை அதில். நான் உறுதி செய்ததுதான். டாக்டர் என் தாள்களைக் கையில் வாங்கவில்லை. "டெக்னிக்கல் மேட்டர நீங்க பாருங்க. ஸ்டாப் மேட்டர அவரு பாத்துப்பாரு" என்று நல்லவிதமாகத்தான் சொன்னார்.

அந்த வாரமே ஸ்டெல்லாவை அனுப்பிவிட்டார்கள். ஆள் ஒன்று போய்விட்டது என்றதும் முட்லூர்க்காரர்களும் அடங்கிவிட்டார்கள். பூட்டு அப்படியே இருந்தது. புள்ளிகளும் அப்படியே. எனக்கு ஒரு மாற்றம் மட்டும் வந்தது. அதுவரை மேலாளரின் திரையில் இல்லாத என் பெயரும் சேர்ந்துகொண்டது. ஓய்வு பெறும் வரை நானும் பச்சையாகவே இருந்தேன். ஆண்டு விழாவில் பில் எண் ஏற்பாட்டுக்காக மேலாளருக்குச் சால்வை போட்டார்கள். நானும் கை தட்டினேன், தட்டாமல் இருந்தால் அது தெரிந்துவிடும்.

எடைக்கல்லைச் சாட்சிப் பொருள் மாதிரி கடலூருக்குக் கொண்டுவந்திருந்தார்கள். விசாரணை முடிந்த பிறகு அது மேலாளரின் மேசையில் பேப்பர் பறக்காமல் இருக்க உட்கார்ந்துகொண்டது. அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்க வேண்டியிருந்தது. வருஷாந்திரக் கணக்கெடுப்பில் யாரோ ஒரு மகாராசன் நாற்காலி, மேசைக்கெல்லாம் ஒட்டுவதுபோல அதற்கும் நிறுவன ஸ்டிக்கர் ஒட்டி எண் போட்டுவிட்டான்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்குச் சிதம்பரம் போனபோது மார்க்கெட்டில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். வீட்டுக்காரர் கடையில் உட்கார்ந்து கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தாள். நான் தயங்கி நின்றேன். அவளே கூப்பிட்டாள்.

"இன்னா சார், நல்லாருக்கீங்களா?"

பொண்ணு படிப்பு என்ன ஆச்சு என்று கேட்டேன். பாதியில் நிறுத்திவிட்டதாகவும், இப்போது ஒரு மருந்துக் கடையில் நிற்பதாகவும் சொன்னாள். என் மேல் கோபமா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லியிருப்பாள், அது எனக்கு வேண்டாம்.

"நான் உண்மையத்தான் எழுதினேம்மா" என்றேன்.

"தெரியும் சார். உண்மைதான்." காயைப் பையில் கொட்டினாள். "ஒண்ணே ஒண்ணு சார். அந்தக் கல்ல மட்டும் கேட்டு வாங்கித் தாங்க. செட்டுல அது ஒண்ணுதான் கொறயுது. அவரு அப்பா காலத்து செட்டு."

கேட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். சாதாரண நாளில் கேட்டால் நடக்காது என்று ஓய்வு பெறும் நாளுக்காகக் காத்திருந்தேன். அன்றைக்குப் பூமாலை, சால்வை, சுவர்க் கடிகாரம் எல்லாம் ஆனது. மேலாளர் எழுந்து, ஏழுமலைக்கு வேறு ஏதாவது வேண்டுமா, கூச்சப்படாமல் கேட்கட்டும் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அந்தக் கல்லைக் கேட்டேன்.

சிரித்தார். "அது நம்ம அசெட்டுல ஏறிடிச்சே ஏழுமலை. கம்பெனி சொத்த நான் எப்புடித் தூக்கிக் குடுக்கறது? சாப்டீங்களா, வாங்க, பிரியாணி ஆறுது."

எல்லாரும் சிரித்தார்கள். நான் பிரியாணி சாப்பிடாமல் மேல்பட்டாம்பாக்கம் பஸ் ஏறினேன். என்னால் செய்ய முடிந்த எதிர்ப்பு அவ்வளவுதான். அதன் பிறகு சிதம்பரம் மார்க்கெட் பக்கம் போகவில்லை, போக முகம் இல்லை.

இதில் பாதியைத்தான் பிரவீனிடம் போனில் சொல்ல முடிந்தது. அவனுக்கு வேறு போன் கால் வந்துகொண்டிருந்தது. இப்போது மென்பொருளே மாறிவிட்டதாம். நான் வைத்த பில் எண் ஏற்பாடு புதியதில் இல்லையாம். "அது யூசருக்குத் தொந்தரவுன்னு எடுத்துட்டாங்க சார், இப்ப சிங்கிள் பட்டன்தான்" என்றான். புள்ளி மட்டும் புதியதிலும் இருக்கிறது.

"இன்னிக்கே பஸ் ஏறு பிரவீன்" என்றேன். "சொல்லாம போ. மத்தியானமா போ. கீபோர்டு மேல என்ன இருக்குன்னு பாரு. அப்பறம் அங்க மூலையில இருக்கற பாத்ரூமு தெறந்திருக்கா பாரு."

"பாத்ரூமா? அது ஸ்டோர் ரூமாச்சே சார்?"

"இப்ப யாரு இருக்கா அங்க?"

"புதுசா ஒரு பொண்ணு சார், சேந்து ஆறு மாசமாச்சி. அவுங்க மேல டவுட்டே வேணாம் சார், ரொம்ப சின்சியர். சீட்ட உட்டு எழுந்திரிக்கவே மாட்டாங்க. நான் எப்பப் பாத்தாலும் பச்சைதான்."